கடுமையான முகப்பரு: ரங்கூனில் என் மகளுக்கு நடந்த சிகிச்சை

வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு வருவதுதானே, கல்யாணமானால் தானாகப் போய்விடும் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், என் மகளின் வலது தாடையில், காதுக்குச் சற்றுக் கீழே, கொண்டைக்கடலை அளவுக் கட்டியொன்று முகம் வைக்காமல் தோலுக்கடியில் இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க அவளால் முடியவில்லை. அது உடைந்த பிறகு முகத்திலும் மார்பிலும் அடுத்தடுத்து மற்றவை வந்தன. காலையில் தலையணை உறையில் சீழும் இரத்தமும் கலந்த கறை இருக்கும். இந்த நோயைச் சாதாரணப் பருவோடு சேர்த்துப் பேசிக் காலம் கடத்தக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே கிருமி பெருகி, அழற்சி தோலின் ஆழத்துக்கு இறங்கும்போதுதான் இத்தகைய கட்டிகள் உண்டாகின்றன. ஆழத்தில் சிதைந்த தோல் பள்ளமாகவோ, மார்பிலும் முதுகிலும் சிலருக்குத் தடித்த தழும்பாகவோ நின்றுவிடுகிறது. நம் மாநிறத் தோலில் ஆறிய இடமும் பல மாதங்கள் கறுத்தே இருக்கும்.

பர்மாவில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தனாக்கா என்னும் மரக்கட்டை விழுதுதான். என் மாமியார் நாள்தோறும் கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை அரைத்து, பேத்தியின் கன்னத்தில் அன்போடு பூசிவிட்டார். வெயிலுக்கு அது குளிர்ச்சி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோலின் அடியில் உள்ள கட்டியை மேற்பூச்சான விழுது சென்று தொடாது. காய்ந்த விழுதைத் தேய்த்துக் கழுவும்போது வீங்கிய தோல் மேலும் எரிந்தது. அதைவிடப் பெரிய கேடு, தோழி ஒருத்தி வாங்கித் தந்த, பெயரோ மருந்து விவரமோ இல்லாத ஒரு சிறு டப்பா கிரீம். பூசிய சில நாட்களில் சிவப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னிலும் மோசமாகக் கிளம்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்றும், அது தோலை மெலியச் செய்வதோடு தானே பருவையும் உண்டாக்கும் என்றும் தோல் மருத்துவர் விளக்கினார்.

மருத்துவர் முதலில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று விசாரித்து, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும், பூசுவதற்குக் காலையில் பென்ஸாயில் பெராக்ஸைடும், இரவில் பட்டாணி அளவு அடாபலீனும் எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால் சன்ஸ்கிரீன் கட்டாயம். பென்ஸாயில் பெராக்ஸைடு பட்ட துண்டும் உறையும் வெளுத்துப்போகும், ஆகவே பழையவற்றைப் பயன்படுத்துங்கள். மூன்று மாதங்களில் முகத்தில் ஓரளவு குறைந்ததே தவிர மார்பில் குறையவில்லை. ஆன்டிபயாட்டிக்கை அதற்கு மேல் நீட்டுவது சரியல்ல என்று சொல்லி, கடுமையான பருவுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்றார்.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஐசோட்ரெட்டினாயின் எடுக்கும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான உறுப்புக் குறைபாடுகள் ஏற்படலாம். எனவே தொடங்குவதற்கு முன்பும், எடுக்கும் காலத்தில் மாதந்தோறும், முடித்து ஒரு மாதம் கழித்தும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார். மகளிடம் தனியாகவும் பேசினார். கன்னிப் பெண்ணிடம் இதையெல்லாம் கேட்பதா என்று மாமியார் முகம் சுளித்தார். கேட்கத்தான் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அப்போது மோல்மேனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. தை மாதத்திலேயே முடித்துவிடலாம் என்றார்கள். மாசியில் மருந்து முடியும், அதன் பிறகு ஒரு மாதமாவது போக வேண்டும் என்று நாங்கள் மறைக்காமல் சொன்னோம். சம்பந்தியம்மா, "அதற்கென்ன, வைகாசியில் வைத்துக்கொள்வோம்" என்றார். மறைத்து மணம் முடித்திருந்தால் எத்தகைய ஆபத்தில் போய் நின்றிருப்போம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மொத்தமாகக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை சேரும்படி திட்டமிடுவது வழக்கம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 6000 முதல் 7500 மில்லிகிராம் ஆகும். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடலில் நன்கு சேரும். தொடக்க வாரங்களில் பரு கூடியது. முன்பே சொல்லியிருந்ததால் அவள் மனம் உடையவில்லை. உதடு வெடித்து, மொஹிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸில் தூவிய மிளகாய்த்தூள் பட்டாலே கண்ணீர் வந்தது. வாசலின் டப்பா எப்போதும் பையில் இருந்தது. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் இடையிடையே இரத்தப் பரிசோதனை நடந்தது. மனச்சோர்வு தெரிந்தால் உடனே சொல்லும்படி மருத்துவர் என்னிடமும் கூறியிருந்தார்.

டாக்ஸிசைக்ளினையும் ஐசோட்ரெட்டினாயினையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. மூளையில் அழுத்தம் கூடலாம். வைட்டமின் ஏ மாத்திரைகளும் வேண்டாம். பிறந்தநாளில் இரத்த தானம் செய்யும் பழக்கமுள்ள பிள்ளைகள், மருந்து முடிந்து ஒரு மாதம் வரை தானம் செய்யக் கூடாது, ஏனெனில் அந்த இரத்தம் கர்ப்பிணி ஒருவருக்குப் போய்ச் சேரலாம்.

இப்போது புதிய கட்டிகள் இல்லை. இரவில் அடாபலீன் மட்டும் தொடர்கிறது; குழந்தைக்குத் திட்டமிடும்போது அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தாடையில் இரண்டு பள்ளங்கள் நிலைத்துவிட்டன. வெளியூர்களிலிருந்து ரங்கூனுக்கு வந்து மருத்துவம் பார்க்க நினைப்பவர்கள், இதுவரை பூசிய எல்லா கிரீம்களையும், பெயரில்லாத டப்பாக்களையும்கூட, கையோடு எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.