உங்கள் தெருவில் விழும் மழை எந்த ஏரிக்குப் போகிறது? நடந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடைசித் தெரு:

எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்டி முடித்த அன்று வீடு வீடாக லட்டு கொடுத்தோம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்னையின் தெற்குப் புறநகரில், செம்பாக்கம் தாண்டி நன்மங்கலம் போகும் வழியில் வீடு. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மூன்று படிகளும் முழுகி, ஃபிரிட்ஜ் கூடத்தில் சாய்ந்து மிதந்தது. அதன்பிறகு நாங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒருவழியாக கான்கிரீட் வடிகால் வந்தது, லட்டும் கொடுத்தாயிற்று. அந்த ஐப்பசியில் முதல் மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர். மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையவே இல்லை. கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டில் சுவர் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரிதான் கேட்டார்: “வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா, சார்?” தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கேட்கிறார். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் தன்னுடைய டியூப் லெவலை எடுத்து வந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். எவ்வளவு தூரம் இழுத்துப் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். தெரு நீளத்துக்குக் குழாய் போதாததால் ஐந்து தவணையாக அளந்தோம். நீர்மட்டத்திலிருந்து வடிகாலின் தரை எங்கள் பக்கம் 3 அடி 10 அங்குலம் கீழே. ஓடையில் போய்ச் சேர வேண்டிய முனையிலோ 3 அடி 6 அங்குலம்தான். அதாவது ஓடைப் பக்கம் நான்கு அங்குலம் மேடு. தெருவின் தண்ணீரையெல்லாம் கூட்டி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கும் வடிகாலுக்குத்தான் இனிப்பு வழங்கியிருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிராம வரைபடத்தின் நகலோடு நாலு பேர் நடந்தோம். சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம், அடுத்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் பக்கம் கடல். பாடமாகச் சொல்ல அரை நிமிடம் போதும், நடக்க ஒரு பகல் ஆனது. வரைபடத்தில் இரட்டைக் கோடாக ஓடும் ஓடை, தரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்தத்துக்கு அடியில் நுழைந்து இரண்டடிக் குழாயாக வெளியே வருகிறது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “நான்கு வண்டி சேர்ந்து போகும் அகலம், தம்பி” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் கை விரிந்த இடத்தில் இப்போது ஜெனரேட்டர் அறை.

டியூப் லெவல் கணக்கை எழுதி மனுவோடு இணைத்தோம். வாய்ப்பேச்சுக்கு அசையாதவர்கள் அங்குலத்துக்கு அசைந்தார்கள். தரையைக் கொத்தி மறுபடி வாட்டம் எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒரு படிதான் முழுகியது; மறுநாளே வடிந்தும்விட்டது. அந்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் தொலைக்காட்சியில் பள்ளிக்கரணையைக் காட்டினார்கள். நாள் கணக்கில் தண்ணீர், வீதியில் படகு. நாங்கள் அவசரமாக அனுப்பிவைத்த தண்ணீரும் அதில் இருக்கத்தானே செய்யும்?

ஏழாவது மாடி:

ஐயா, அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த இடத்தில்தான் நான் இருக்கிறேன், பெரும்பாக்கத்தில்.

2015 வரை அடையாற்றின் கரையில் குடியிருந்தோம். வெள்ளம் வந்தது, நீர்வழி ஆக்கிரமிப்பு என்றார்கள், சாமான்களை லாரியில் ஏற்றச் சொன்னார்கள். ஆற்றை விட்டு எங்கே கொண்டுபோய்விட்டார்கள் பாருங்கள், சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு. மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனது, லிஃப்ட் நின்றது, கீழே இடுப்பளவு தண்ணீர். பால் பாக்கெட்டைக் கூடையில் வைத்துக் கயிற்றால் இழுத்தோம். மூன்றாவது மாடிக்காரர் நடுவில் கூடையைப் பிடித்து இரண்டு பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் கைக்குழந்தை, சண்டை போடவில்லை.

ஓடையை மீட்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஜேசிபி முதலில் யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பது எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்துக்கு வந்ததா?

கடைசித் தெரு:

வரவில்லை, அம்மா. மனுவில் அந்த மண்டபத்தின் சர்வே எண்ணையும் எழுதியிருந்தோம். வடிகால் சரியானது, ஓடை இன்னும் இரண்டடிக் குழாயாகத்தான் இருக்கிறது.

பள்ளத்துக்காரி:

கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம், அதனால் இந்தப் பெயர். நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் பிரிந்து வந்து குளம் குளமாக நிரப்பும். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றின் மிச்சம் அடுத்ததற்கு.

இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் குளத்தில் இறங்கினேன். குப்பை பொறுக்குவது என்றால் பிளாஸ்டிக் பை என்றுதான் நினைத்துப் போனேன். அதிகம் வந்தது தலையணை. ஏன் இத்தனை பேர் தலையணையைக் குளத்தில் போடுகிறார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. ஊறிய தலையணையைக் கரையேற்ற இரண்டு பேர் வேண்டும். விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் மூங்கில் சட்டங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு வரும்.

இப்போது கரையில் நடைபாதை, வண்ண விளக்கு, உணவுக்கடை எல்லாம் வந்துவிட்டன. மாலையில் கூட்டம் அலைமோதுகிறது, நானும் பேத்தியை அழைத்துப்போகிறேன். ஆனால் மழைநாளில் வாய்க்காலின் வாயில் போய் நின்று பாருங்கள். வருவது கருப்பாக வருகிறது. கையில் பணமிருந்தால் முதலில் வாய்க்காலுக்குச் செலவழித்திருப்பேன், விளக்குக் கம்பம் காத்திருந்திருக்கும். வாய்க்கால் கரையில் நின்று யாரும் செல்ஃபி எடுக்கமாட்டார்கள், அதுதான் அதற்கு வந்த கேடு.

தெற்குவாசல்:

மதுரையில் கிருதுமால் நதி என்று ஒன்று உண்டு. கூடலழகருக்கு மாலையாக ஓடியது என்று தலபுராணக் கதை. என் பேரனிடம் காட்டி இது நதி என்றேன். “தாத்தா, இதை அம்மா சாக்கடை என்று சொன்னாள்” என்றான். இருவரும் சரிதான்.

கடைசித் தெரு:

ஏழாவது மாடி அம்மா எழுதியதைத் தெருக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், மேலே விழுவதை மேலேயே கொஞ்சம் பிடித்து வைத்தால் என்ன என்றார். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லா வீட்டிலும் குழி எடுத்தோமே, அவை என்ன ஆயின என்று திறந்து பார்த்தோம். 17 வீட்டில் ஐந்தில்தான் குழி குழியாக இருந்தது. சிலவற்றின் மேல் டைல்ஸ். என் வீட்டுக் குழியில் ஜல்லிக்கு மேல் ஒரு சாண் சேறு, அதற்குள் என் மகனின் கிரிக்கெட் பந்து. மகனுக்கு இப்போது 29 வயது.

ஒன்பது குழிகளைச் சுத்தம் செய்து மணலும் ஜல்லியும் மாற்றியிருக்கிறோம். பெருமழையில் இவையெல்லாம் எத்தனை குடம் பிடிக்கும் என்று கேட்டால், அதிகமில்லை. சாதாரண மழையில் எங்கள் தெருத் தண்ணீர் வடிகால்வரை வருவது மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கிறது. மண்டபத்துக்காக இரண்டாவது மனு போட்டிருக்கிறோம்.

மேஸ்திரி குழாயை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் நிரப்பும்போது நடுவில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் காட்டும். பிடிப்பதற்கு இன்னொருவர் வேண்டும். எதிர்வீட்டுக்காரரையே கூப்பிடுங்கள், பின்னால் மனுவில் கையெழுத்துக்கும் ஆவார்.