இத்தாலியில் வாடகைக் கார்: கார்டில் இரண்டு முறை 48.80 யூரோ பிடித்தார்கள், இப்போது வேக அபராதக் கடிதமும் வந்திருக்கிறது

சாலைப்பயணி, சென்னை

வணக்கம். போன வருடம் ஜூன் மாதம் குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தோம். பீசா விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்து ஃப்ளாரன்ஸ், சியன்னா பக்கமெல்லாம் சுற்றிவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தோம். காரில் ஒரு கீறல் கூட இல்லை. கார்டில் நிறுத்தி வைத்திருந்த முன்பணத்தையும் முழுதாக விடுவித்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் அதே கிரெடிட் கார்டில் 48.80 யூரோ பிடித்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே 48.80. வாடகை கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டதற்கு, "போக்குவரத்து விதிமீறல் தொடர்பான கட்டணம்" என்று ஒரே வரியில் பதில். அபராதத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

இப்போது மார்ச். நேற்று, திங்கட்கிழமை, பதிவுத் தபாலில் இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஃப்ளாரன்ஸ், பீசா, லிவோர்னோவை இணைக்கும் ஃபிபிலி சாலையில், வேக வரம்பு 90 உள்ள இடத்தில், கார் மணிக்கு 104 கிலோமீட்டரில் போனதாகவும், வேக அளவில் கழித்தது போக 98.80 கிலோமீட்டர் என்றும் போட்டிருக்கிறது. அபராதம் 42 யூரோ, தபால் செலவு தனி, ஐந்து நாளுக்குள் கட்டினால் குறைவு என்கிறார்கள்.

ஏற்கெனவே 97.60 யூரோ போய்விட்டதே, மறுபடியும் கட்டத்தான் வேண்டுமா? கடிதம் உண்மையானதுதானா? இத்தனை மாதம் கழித்து அனுப்பினால் செல்லுமா? மகள் அடுத்த வருடம் ஜெர்மனிக்குப் படிக்கப் போவதாக இருக்கிறாள், நாங்களும் போய்வருவோம். விசாவில் இது வந்து நிற்குமோ என்பதுதான் பெரிய கவலை.

திருச்சிக்காரர்

உங்கள் அனுமதி இல்லாமல் பிடித்த பணம் அது. முதலில் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். கடிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பலெர்மோவிலிருந்து

வணக்கம் அண்ணா. நான் இத்தாலியிலேயே, பலெர்மோவில் பல வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சொந்தக்காரர் எல்லோரும் வாகனம் வாடகைக்கு எடுப்பார்கள், பிறகு இதே கடிதத்தைக் கொண்டு வந்து என்னிடம் காட்டுவார்கள். கடிதத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உங்களுக்கு நாள்தான் குறைவு.

கடனட்டையில் எடுத்த 48.80 தண்டப்பணம் இல்லை. அது வாடகை நிறுவனத்தின் கட்டணம். கேமராவில் பதிந்த இலக்கத்தகட்டை வைத்து பொலிஸ் வாகன உரிமையாளரைத் தேடும். உரிமையாளர் வாடகை நிறுவனம். இன்ன திகதியில் வாகனம் இன்னாரிடம் இருந்தது என்று உங்கள் பெயரையும் முகவரியையும் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அந்த வேலைக்குத்தான் 40 யூரோ, அதற்கு மேல் 22 வீதம் இவா, அதாவது இத்தாலியின் மதிப்புக்கூட்டு வரி, 8.80. வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் இது இருக்கும், நீங்கள் ஒப்பமிட்டிருப்பீர்கள். திருச்சி அண்ணா சொல்கிற மாதிரி வங்கியில் முறையிட்டால், நிறுவனம் அந்தப் பக்கத்தை அனுப்பிவிடும், பெரும்பாலும் காசு திரும்பாது. ஆனால் எந்த விதிமீறலுக்காக எடுத்தார்கள் என்று பொலிஸ் அனுப்பிய தாளின் பிரதியைக் கேளுங்கள். அதைக் கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

தண்டப்பணம் இப்போது வந்த கடிதத்தில் இருப்பது. அதைத் தனியாகக் கட்ட வேண்டும்.

காலதாமதம் பற்றி: இத்தாலியில் வசிப்பவருக்கு 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் இருக்கிறது. ஜூனில் நடந்து மார்ச்சில் வந்தால் அது காலத்துக்குள்தான்.

கணக்கும் சரியாக இருக்கிறது. அளந்த வேகத்தில் 5 வீதம் கழிப்பார்கள், குறைந்தது 5 கிலோமீற்றர். 104ல் 5.20 போக 98.80. வரம்பைவிட 8.80 கூட. 10 வரை கூடினால் 42 யூரோ, இரவு 10 மணிக்குப் பிறகு காலை 7 வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏறும். 10ஐத் தாண்டியிருந்தால் 173 யூரோவில் தொடங்கும், யார் ஓட்டியது என்று எழுதி அனுப்பச் சொல்லி ஒரு படிவமும் வரும், அதற்குப் பதில் போடாவிட்டால் அதற்கென்று இன்னொரு தண்டம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து 5 நாளுக்குள் கட்டினால் 30 வீதம் குறையும்: 29.40, தபால் செலவு அப்படியே சேரும். 60 நாள் வரை 42. அதையும் தாண்டினால் இந்த விதிமீறலுக்கான உச்சத் தொகையான 173இன் பாதி, 86.50. திங்கள் வாங்கினீர்கள் என்றால் சனிக்கிழமை ஐந்தாவது நாள். வங்கி மூலம் அனுப்பினால் அங்கே போய்ச் சேர நாள் எடுக்கும், உங்கள் வங்கிக் கட்டணமே தண்டத்தைத் தாண்டிவிடக்கூடும். கடிதத்தில் உள்ள தளத்தில் அட்டையால் கட்டுங்கள்.

சாலைப்பயணி

மிக்க நன்றி தம்பி. 40, 8.80 என்று பிரித்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. போலிக் கடிதமாக இருக்குமோ என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அப்புறம், கட்டணம் இரண்டு முறை பிடித்தார்களே, கடிதம் ஒன்றுதானே வந்திருக்கிறது?

மிலான்வாசி

போலியாக வருவது பெரும்பாலும் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும்தான். அபராதப் பாக்கி என்று சொல்லி, பாகோபிஏ என்ற அரசுக் கட்டணத் தளத்தின் பெயரில் அனுப்புவார்கள். உங்கள் கடிதத்தை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் பொருந்தி, அந்த நேரத்தில் நீங்கள் அந்தச் சாலையில் இருந்திருந்தால் உண்மையானது. தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், மெயிலில் வரும் இணைப்பை அழுத்த வேண்டாம்.

கட்டணம் இரண்டு என்றால் விதிமீறலும் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாரன்ஸ் ஊருக்குள் போனீர்களா? பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாது, நுழைவாயில் ஒவ்வொன்றிலும் கேமரா இருக்கிறது. அதற்கு 83 யூரோ, ஐந்து நாளுக்குள் 58.10. ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், விருந்தினரின் வண்டி எண்ணை அவர்கள் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிவு செய்தார்களா என்று இன்றைக்கே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள், இரண்டாவது கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அவர்களிடம் ஆதாரம் இருந்தால் அந்த அபராதத்தை எதிர்த்து நிற்கலாம்.

திருச்சிக்காரர்

வேக கேமரா வழக்குகளில் இத்தாலி உச்ச நீதிமன்றமே ஓட்டுநர் பக்கம் தீர்ப்புச் சொன்னதாகப் படித்தேனே. இவர் எதிர்த்து எழுதலாமே?

மிலான்வாசி

உண்மைதான். 2024 ஏப்ரலில் திரெவீசோ நகர வழக்கொன்றில், கேமராவுக்கு அமைச்சகத்தின் ஒப்புதல் மட்டும் போதாது, தனியாகத் தரச்சான்றும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து இங்கே பலர் மேல்முறையீடு செய்தார்கள்.

ஆனால் இவருடைய 42 யூரோவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதிபதியிடம் போனால் மனுக் கட்டணமே 43 யூரோ. பிரெஃபெக்டுக்கு, அதாவது மாகாணத்தில் உள்ள மத்திய அரசின் அதிகாரிக்கு, எழுதுவது இலவசம், ஆனால் நிராகரித்தால் குறைந்தபட்சத் தொகையின் இரு மடங்குக்குக் குறையாமல் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டால் மேல்முறையீடு கிடையாது, மேல்முறையீடு செய்தால் 30 சதவீதக் கழிவு கிடையாது. தொகை 173, 500 என்று பெரிதாக இருந்தால் ஒரு வக்கீலைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

விசா பற்றி: ஷெங்கன் படிவத்தில் போக்குவரத்து அபராதம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இது நிர்வாக அபராதம், குற்ற வழக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 70 யூரோவும் அதற்கு மேலும் உள்ள அபராதங்களை ஒருவருக்காக ஒருவர் வசூலிக்க 2005லிருந்து சட்டம் இருக்கிறது, இந்தியா அதில் இல்லை. அதனால் கட்டாமல் விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மகள் அந்தப் பக்கம் படிக்கப் போகிற வீட்டுக்கு அந்த யோசனை வேண்டாம்.

சாலைப்பயணி

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வண்டி எண், தேதி, நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது, பீசாவிலிருந்து ஃப்ளாரன்ஸ் போன அன்று மதியம்தான். தளத்தில் கார்டால் 29.40ம் தபால் செலவும் கட்டியாயிற்று, ரசீது வந்துவிட்டது. ஹோட்டலுக்கும் எழுதியிருக்கிறேன், ஆற்றங்கரைக்கு அருகில் பழைய நகரத்துக்குள்தான் தங்கினோம்.

பலெர்மோவிலிருந்து

நல்லது அண்ணா. ரசீதை அச்செடுத்து ஐந்து வருடம் வைத்திருங்கள், கட்டியது பதிவில் ஏறாமல் போய் வசூல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தால் அதைத்தான் அனுப்ப வேண்டும். இரண்டாவது கடிதம் வரும்போது வீட்டில் யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். யார் வாங்கினாலும் வாங்கிய திகதியை உறையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஹோட்டல் பதில் வந்தால் இங்கே போடுங்கள், இத்தாலிய மொழியில் எழுத வேண்டியதை நான் எழுதித் தருகிறேன்.