பானித்சாவில் தொடங்கி சு பொரேயி வரை: அடுக்கு எங்கே சொதப்புகிறது?

மெல்லிய மாவு ஏடுகளுக்குள் சீஸ் வைத்து ஓவனில் சுடும் பல்கேரியப் பலகாரம் பானித்சா. அதற்கு நம்பிச் செய்யக்கூடிய அளவு: ஃபைலோ ஷீட் (காகிதம் போல மெல்லிய மாவு ஏடு) 500 கிராம், சிரேனே (உப்புநீரில் ஊறிய வெள்ளை சீஸ்) 400 கிராம், முட்டை 4, தயிர் 400 கிராம், ஆப்ப சோடா 1 டீஸ்பூன், சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லி. சோடாவைத் தயிரில்தான் போட வேண்டும். புளிப்பு பட்டதும் பொங்கி மேலே ஏறும் என்பதால் கிண்ணம் பெரிதாக இருக்கட்டும். நுரை அடங்குவதற்குள் முட்டையையும் உதிர்த்த சீஸையும் கலந்துவிடுங்கள். சீஸ் பட்டாணி அளவில் கட்டி கட்டியாக இருந்தால் போதும். கூழாக மசித்தால் முட்டையோடு ஒன்றாகி, வெந்ததும் அடை மாதிரி கனத்துக் கிடக்கும். தனியாக உப்பு வேண்டாம்.

ஒவ்வொரு ஷீட்டிலும் எண்ணெய் தெளித்து, கலவையைப் பரப்பி, தளர்வாகச் சுருட்டி, தட்டில் நத்தைக்கூடு போல வளைத்து வையுங்கள். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். இறுக்கிச் சுருட்டினால் ஆவி போக வழியில்லாமல் உள்சுற்று பச்சை மாவாகவே நிற்கும்.

* * *

பாதிப் பேருக்குக் கோளாறு அடுப்புக்குப் போகுமுன்பே வந்துவிடுகிறது. உறைந்த ஃபைலோவை வெளியே வைத்து அவசரமாக இளக்கினால் நீர் கோத்து ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரியே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். பிரித்ததும் நேரடியாக ஈரத்துணி போடக் கூடாது. மேல் ஷீட் கரைந்து பசையாகும். முதலில் காய்ந்த துணி, அதன்மேல் பிழிந்த ஈரத்துணி.

* * *

கிழிந்துபோச்சே என்று கவலைப்படுபவர்கள் செர்பியாவின் சீஸ் அடுக்குப் பலகாரமான கிபானித்சா பக்கம் வரலாம், அதிலும் குறிப்பாக ஷீட்டைக் கசக்கிச் செய்யும் குஷ்வரா வகை. அடியில் இரண்டு ஷீட், மேலே மூட ஒன்று, இவை மட்டும் முழுசாக இருக்க வேண்டும். நடுவில் உள்ளதெல்லாம் கைக்குட்டை மாதிரி கசக்கி, கலவையில் முக்கி, நெருக்காமல் அடுக்குவதுதான். 500 கிராம் ஷீட்டுக்கு 500 கிராம் சீஸ், 5 முட்டை, 200 மில்லி எண்ணெய், 200 மில்லி சோடாத் தண்ணீர். கசக்கிய மடிப்புகளில் காற்று நிற்பதால் பஞ்சு போல எழும்பும். மடிப்பைப் பிழிந்து வைத்தால் அந்தக் காற்றும் போச்சு.

* * *

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செர்பியாவின் பெல்கிரேடில் சீஸ் புரெக் (இதே மாதிரி மாவு ஏட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) என்று தாராளமாகக் கேட்கலாம். போஸ்னியாவின் சரயேவோவில் கேட்டால் திருத்துவார்கள்: அங்கே இறைச்சி வைத்தது மட்டும்தான் புரெக், சீஸ் வைத்தால் சிர்னித்சா, கீரை என்றால் செல்யானித்சா. மாவை மேசைத் துணிமேல் வைத்து, புறங்கையை அடியில் கொடுத்து, துணியின் பூ தெரிகிற வரை இழுப்பார்கள். எண்ணெய் தடவி அரைமணி நேரமாவது ஊறாத மாவு நடுவில் ஓட்டை விழும். பழைய முறையில் ‘சாச்’ என்ற கனத்த மூடியால் மூடி, அதன்மேல் தணலைப் போட்டுச் சுடுவார்கள். மேல்சூடு கிடைப்பதால் மேல் ஏடு நொறுங்கும். ஓவனில் கடைசி ஐந்து நிமிடம் தட்டை மேல் அடுக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய அது வரும்.

* * *

துருக்கியின் சு பொரேயி இந்தக் கூட்டத்தில் சேராத பிள்ளை. ‘சு’ என்றால் தண்ணீர். முட்டை போட்டுப் பிசைந்த கெட்டி மாவை மெல்லிசாகத் திரட்டி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் விரித்து ஈரம் வாங்க வேண்டும். அடி ஏடும் மேல் ஏடும் மட்டும் வேகவைக்காதவை. ஏட்டுக்கு ஏடு உருக்கிய வெண்ணெய், பாதியில் பார்ஸ்லி கலந்த சீஸ். ஈரம் வாங்காமல் அடுக்கினால் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, வெட்டும்போது வழுக்கும். ஜார்ஜியாவின் ஆச்மா என்ற பலகாரமும் இதே வேலைதான், அதில் வைப்பது சுலுகுனி என்ற அந்த ஊர் சீஸ். உள்ளே மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். நூடுல்ஸ் மாதிரி மெத்தென்று இருப்பதுதான் அதன் லட்சணம்.

* * *

சிரேனே கிடைக்காவிட்டால் பதிலுக்குப் பனீர் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படியே போட்டால் சப்பென்று ரப்பராக இருக்கும். 400 கிராமை உதிர்த்து, ஒன்றரை டீஸ்பூன் உப்பும் நாலு மேஜைக்கரண்டி புளித்த தயிரும் பிசிறி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் ஊறி நிற்கும் நீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.