துண்டுத் தோலில் இழுபடும் திசையைக் கண்டறிவது எப்படி?

வணக்கம். ஆம்பூரில் காலணி மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தோலிலுள்ள கொலாஜன் நார்கள் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் படிந்திருப்பதில்லை என்பதால், முதுகுக்கோட்டை ஒட்டிய நீளவாக்கில் அது குறைவாகவும் குறுக்குவாக்கில் கூடுதலாகவும் இழுபடுகிறது. வயிற்றுப் பகுதியிலோ இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. ஆகவே, குறைவாக இழுபடும் திசை விரல்நுனியிலிருந்து குதிகாலை நோக்கி அமையும்படியே முன்பாகத்தை வெட்டுகிறோம். முழு ஆட்டுத்தோலில் இதில் சிக்கல் இல்லை.

முதுகுக்கோடு தெரியாத துண்டுகளில்தான் தடுமாறுகிறோம். கையால் இழுத்துப் பார்த்து வெட்டிய சில ஜோடிகள், லாஸ்டில் (காலணிக்கு வடிவம் தரும் பாத அச்சில்) ஏற்றியபோது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டன (குற்றம் என் கைக்குத்தான்). மயிர்த்துளைகளின் சாய்வைக் கொண்டே திசையை அறிய முடியுமா, அல்லது இரு திசைகளிலும் ஒரே அளவில் பட்டை வெட்டி, ஒரே எடையைத் தொங்கவிட்டு, நீட்சியை அளப்பதுதான் நம்பகமானதா என்பதை, ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோல் தரச்சோதனையில் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.