புதுப்பிப்பு: கன்சோல் மாறியது, சேவ்கள் அப்படியே இருக்கின்றன

என் பழைய பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோலில் லென்ஸ் தேய்ந்து டிஸ்க்கே படிக்கவில்லை, வேறு கன்சோல் வாங்கினால் சேவ்கள் (ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமித்து வைத்தவை) போய்விடுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஒன்றுகூடப் போகவில்லை!

இதில் சேவ் எதுவும் பெட்டிக்குள் இருப்பதில்லை. எல்லாம் அந்த 8 எம்பி மெமரி கார்டில்தான். செகண்ட் ஹேண்டில் இன்னொரு பிளேஸ்டேஷன் 2 வாங்கி, கார்டைச் செருகி, டிஸ்க் போடாமலே ஆன் செய்து பிரவுசரை (கார்டில் இருப்பதைக் காட்டும் கன்சோலின் சொந்தத் திரை) திறந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உரிய குட்டி முப்பரிமாண ஐகான்கள் வரிசையாக வந்து நின்றன. அவ்வளவு நிம்மதி!

வாங்கும்போது பிராந்தியத்தை மட்டும் கவனியுங்கள். பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்பவை பிராந்தியத்துக்கு ஏற்ப மாறும் டிவி முறைகள்; பால் டிஸ்க் என்டிஎஸ்சி கன்சோலில் ஓடாது. சரி, டிஸ்க்கையும் அந்தப் பிராந்தியத்துக்கு மாற்றிவிடலாம் என்றால், அதே ஆட்டமாக இருந்தாலும் பழைய சேவ்களைப் புது டிஸ்க் பெரும்பாலும் ஏற்காது.

அப்புறம், இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு கார்டைப் போட்டு முடிந்தவற்றையெல்லாம் நகலெடுத்துவிட்டேன். சில சேவ்கள் நகலெடுக்க விடாது, அவை பழைய கார்டிலேயே இருக்கட்டும்.

பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதில் சேவ்கள் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும், அது அந்தக் கன்சோலோடு பூட்டப்பட்டது. வேறொன்றில் மாட்டினால் ஃபார்மட் செய்யச் சொல்லும். கன்சோல் ஓடும்போதே யுஎஸ்பியில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.