உதவி: மேட்டில் ஏறினால் கார் தானாக இடப்பக்கம் போகிறது

செந்தூல்_செவன் (வெள்ளி, இரவு 11:52)
வணக்கம். வீட்டுப் போர்ச்சில் மூன்று வருடமாகக் கட்டிய கார். நேற்றுதான் முதல் தடவை, ரவாங்கில் நண்பரின் லாரி யார்டில் ஓட்டினேன். நேராகப் போகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஆனால் இடது சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் கார் இடப்பக்கம் பாய்கிறது. ஸ்டீரிங்கை எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் அப்படித்தான். அலைன்மெண்ட் போன வாரம்தான் பார்த்தேன். அடுத்த மாதம் செபாங் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக ஆசை. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

கிள்ளான்_வாசு
முன்னால் என்ன சஸ்பென்ஷன்? ஸ்டீரிங் ரேக், அதாவது சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டு, ஆக்ஸிலுக்கு முன்னாலா, பின்னாலா? ஒரு படமாவது போடுங்க பாஸ்.

ரவி_பழைய_சாகா
ரேக் புஷ் (ரேக்கைப் பிடிக்கும் ரப்பர்) போயிருக்கும். என் சாகா காரில் இதேதான். மாற்றினேன், சரியாகிவிட்டது.

கிள்ளான்_வாசு
அவர் சாகா ஓட்டவில்லை அண்ணே, சொந்தமாகக் கட்டியிருக்கிறார்.

ரவி_பழைய_சாகா
சொந்தமாகக் கட்டினால் ரேக்கில் புஷ் இருக்காதா?

கேப்டன்_4ஏஜி
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படித்தால் என்ன? இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீர். சக்கரம் மேலே போகும்போது அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு வளைவில் போகிறது, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் இன்னொரு வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டை ராட் சக்கரத்தைத் திருப்பிவிடும். அலைன்மெண்ட் கடையில் நிற்கிற காரைத்தான் பார்ப்பார்கள். கட்டுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும் தம்பி.

பிறை_மாலா
திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். செந்தூல், நாளைக்கே அளந்துவிடலாம். காரை ஓடும் உயரத்திலேயே ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஜாக் சக்கரத்தைத் தூக்காமல் காரைத் தூக்கும். ஸ்டீரிங் வளையத்தைக் கட்டினால் போதாது, நடுவில் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கும். ரேக்கையே நடுவில் வைத்து இறுக்குங்கள்.

ஹப்பில் (சக்கரம் மாட்டும் இடத்தில்) நேரான பலகை ஒன்றைப் போல்ட் போடுங்கள். ஒரே உயரத்தில், 330 மி.மீ. இடைவெளியில் முன்னும் பின்னும் இரண்டு குறி. அது 13 அங்குல ரிம்மின் அளவு. எதிரே அசையாத ஓர் ஆங்கிள் இரும்பு வைத்து, அதிலிருந்து இரண்டு குறிகளுக்கும் உள்ள தூரத்தை வெர்னியரில் எடுங்கள். ஜாக்கில் ஹப்பை 10 மி.மீ. நகர்த்தும்போதெல்லாம் ஒரு தடவை, மேலே 50 வரை, கீழே 50 வரை. இரண்டு தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு.

மேலே போகும்போது டோ (அந்த வித்தியாசம், அதாவது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஒரு பக்கமும், கீழே வரும்போது எதிர்ப்பக்கமும் மாறினால் ரேக் அல்லது டை ராடின் உயரம் தப்பு. மேலேயும் கீழேயும் ஒரே பக்கம் மாறினால் டை ராட் நீளம் தப்பு.

கிள்ளான்_வாசு
இவ்வளவு எதற்கு? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு லேசர் வாங்கி ஹப்பில் ஒட்டி, 4 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்தால் போதும். 1 மி.மீ. டோ மாறினால் புள்ளி 12 மி.மீ. நகரும்.

கேப்டன்_4ஏஜி
பொம்மை லேசரில் கார் கட்டுகிறீர்களா? நுட்பமாக அளக்கும் டயல் கேஜ் இரண்டு வாங்க வக்கில்லாதவர்கள் சஸ்பென்ஷனைத் தொடக் கூடாது.

கிள்ளான்_வாசு
கேப்டன் அப்படிச் சொல்வார் என்று தெரியும். எதிர்வீட்டு சுவர் போதும் லா, டயல் கேஜ் கடன் வாங்க நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

பிறை_மாலா
வாசு, பன்னிரண்டு சரிதான். ஆனால் ஹப் மேலே போகும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும். புள்ளியும் அதோடு சேர்ந்து நகரும், அதைக் கழிக்க வேண்டும். லேசரைத் தரையில் வைத்து, ஹப்பில் கண்ணாடித் துண்டு ஒட்டி, ஏறக்குறைய நேராக அடித்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புள்ளியும் இரண்டு மடங்கு நகரும்.

கேப்டன்_4ஏஜி
கண்ணாடி! குளியலறையைக் கழற்றப்போகிறார்கள்.

(இதற்குப் பிறகு ஏழெட்டுப் பதிவுகள் லேசரா, கேஜா என்றே போயின. ரவி நடுவில் புஷ்ஷின் விலையைக் கேட்டார்.)

செந்தூல்_செவன் (ஞாயிறு, மாலை 6:20)
மாலா அக்கா சொன்னபடி பலகையில் அளந்தேன். மேலே 30: டோ வெளியே 4 மி.மீ. கீழே 30: உள்ளே 3. வாசு கேட்டதற்கு: டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம்), ரேக் ஆக்ஸிலுக்கு முன்னால். டை ராட் நீளம் 300 மி.மீ., ஸ்டீரிங் ஆர்ம் (டை ராட் ஹப்பைத் திருப்பப் பிடிக்கும் கை) 110.

பிறை_மாலா
இடது சக்கரம் மட்டும் ஏறினால் அது இடப்பக்கம் பார்க்கிறது. நீங்கள் சொன்ன பாய்ச்சல் இதுதான். ரேக் முன்னால் இருந்து, மேலே போகையில் வெளியே திரும்புகிறது என்றால், ஆர்ம்களின் சாய்வை வைத்துப் பார்க்க ரேக் அதிக உயரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் உள்ள இடத்திலேயேதான் மாட்டினீர்களா?

செந்தூல்_செவன்
ஆ, ரேக்கின் அடியில் 12 மி.மீ. தகடு வைத்தேன். இன்ஜினின் கிராங்க் புல்லி இடித்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவ்வளவு பெரிய விஷயமா?

கிள்ளான்_வாசு
அடக் கடவுளே.

பிறை_மாலா
கணக்குப் போட்டுப் பாருங்கள். 12-ஐ 300-ஆல் வகுத்தால் 0.04 சாய்வு. சக்கரம் 30 மி.மீ. ஏறினால் டை ராட் முனை பக்கவாட்டில் 1.2 மி.மீ. தப்பும். 110 நீள ஸ்டீரிங் ஆர்மில் அந்த 1.2, ரிம் அளவில் 3.6 மி.மீ. ஆகிறது. நீங்கள் அளந்தது சராசரியாக 3.5. மீதியுள்ள அரை மி.மீ. டை ராட் நீளத்தில் இருக்கலாம், இப்போதைக்கு விடுங்கள். தகட்டை எடுத்துவிட்டு, புல்லிக்கு வேறு வழி பாருங்கள்.

கேப்டன்_4ஏஜி
ரேக்கைத் தொடாமல் டை ராடின் வெளி முனையை ஸ்டீரிங் ஆர்முக்கு மேலே ஏற்றி, நடுவில் ஸ்பேசர் போடலாமே.

பிறை_மாலா
போடலாம். ஆனால் 12 மி.மீ. ஸ்பேசர் என்றால் போல்ட் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வளையும். உயர்வலு 10.9 தர போல்ட்டும், ராட் எண்ட் (டை ராட் முனையின் மூட்டு) கழன்றாலும் விழாதபடி பெரிய வாஷரும் இல்லாமல் வேண்டாம். புல்லியை மாற்றுவது நல்லது.

செந்தூல்_செவன் (பத்து நாள் கழித்து)
சின்னப் புல்லி மாட்டினேன். தகடு போய்விட்டது. 30-க்கு அரை மி.மீ.தான் மாறுகிறது. யார்டில் அதே மேட்டில் ஏற்றினேன், கார் நேராகப் போனது. எல்லாருக்கும் நன்றி.

கேப்டன்_4ஏஜி
முழு அட்டவணையைப் போடுங்கள். அப்போதுதான் அடுத்தவருக்கு உதவும்.

ரவி_பழைய_சாகா
அப்படியே புஷ்ஷையும் மாற்றினீர்களா?