ஜப்பான் பேஸ்பால்ல பசங்கள சீட்டு எடுத்து பிரிச்சிக்கிறாங்களாமே, அது இன்னா கணக்கு?

மூலக்கடை முத்து:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனில ஷிஃப்ட் வேலை, எங்க லைன்ல ஒரு ஜப்பான்காரர் இருக்காரு, ரிட்டயர் ஆவற வயசு, தங்கமான மனுஷன். போன வாரம் டீ ப்ரேக்ல போன்ல ஒரு வீடியோ காட்னாரு. மேடையில கோட்டு போட்ட நாலஞ்சி பெரிய ஆளுங்க வரிசையா வந்து ஒரு பெட்டிக்குள்ள கைய விட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்குறாங்க, எல்லாரும் ஒண்ணா பிரிக்கிறாங்க, ஒருத்தர் மட்டும் கைய தூக்குறாரு, அந்தாண்ட ஒரு ஸ்கூல் பையன் யூனிஃபார்மோட டிவிய பாத்துனு அப்டியே உக்காந்துனு இருக்கான். அந்த சீட்டுதான் அவன் எந்த டீமுக்கு போவணும்னு முடிவு பண்ணுதாம். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சந்தான், எனக்கும் அப்டிதான், அதுக்கு மேல புரியல. ஐபிஎல் மாதிரி ஏலம் கெடையாதா? அந்தப் பையன எந்த டீம் புடிக்கும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா? எங்க அண்ணன் பையன் வியாசர்பாடில ஃபுட்பால் ஆடுறான், காலேஜ் கடைசி வருஷம், அவனுக்கு டிபார்ட்மென்ட் டீம் ட்ரயல்ஸ் வருது, அதனால இது மனசுலயே ஓடினு இருக்கு.

தண்டையார்பேட்டை பாபு:
முத்து, நான் பத்து வருஷமா ஜப்பான் பேஸ்பால் பாக்குறேன், தெரிஞ்சத சொல்றேன். நம்ம ஏரியால சீட்டு புடிக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். ஐபிஎல் வந்து ஏலச்சீட்டு, கை தூக்கி கேக்குறவன் எடுத்துனு போவான். ஜப்பான்ல குலுக்கல் சீட்டு. அங்க மொத்தம் 12 டீம், சென்ட்ரல் லீக்ல 6, பசிபிக் லீக்ல 6. வருஷத்துக்கு ஒரு தபா, பெரும்பாலும் அக்டோபர்ல, ட்ராஃப்ட் நடக்கும், அதான் டீமுங்க புது பசங்கள எடுக்குற நிகழ்ச்சி. 1965ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி பணம் இருக்குற டீம் நல்ல பசங்கள வீட்டுக்கே போய் அள்ளினு வந்துனு இருந்தாங்க, ரேட்டு ஏறினே போச்சி, அத நிறுத்தத்தான் இது.

மொத ரவுண்டுல 12 டீமும் ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டாம ஆளுக்கொரு பேர் குடுப்பாங்க. ஒரு பையன ஒரே டீம்தான் கேட்டிருந்தா அவன் அங்க. ரெண்டு மூணு டீம் கேட்டிருந்தா நீ பாத்த பெட்டி வரும். ஜெயிச்ச சீட்டுல பேச்சுவார்த்த உரிமை உனக்குத்தான்னு எழுதியிருக்கும். தோத்தவங்க மறுபடி வேற பேர் குடுக்கணும், அதுலயும் முட்டினா மறுபடி குலுக்கல், 12 டீமுக்கும் ஆள் கெடைக்கிற வரைக்கும் இப்டியே போவும். 1989ல ஹிடியோ நோமோவ 8 டீம் கேட்டு கிண்டெட்சு எடுத்தாங்க. அடுத்த வருஷமே கோய்க்கேன்னு ஒரு காலேஜ் பையனயும் 8 டீம் கேட்டாங்க.

ரெண்டாவது ரவுண்டுல குலுக்கல் கெடையாது. அந்த வருஷம் கடைசில வந்த டீம் மொதல்ல எடுக்கும், ரெண்டு லீக்கும் மாத்தி மாத்தி. மூணாவது ரவுண்டுல அப்டியே திரும்பி மேல இருக்குற டீம்லேர்ந்து. நாலாவதுல மறுபடி கீழேர்ந்து. போதும்னு நெனைக்கிற டீம் தேர்வு முடிஞ்சதுன்னு சொல்லிட்டு ஒதுங்கிடும்.

குலுக்கல்ல தோத்தா கெட்ட காலம்னு நெனைக்காத. 2017ல கியோமியான்னு ஸ்கூல் பையன், 7 டீம் மோதுனாங்க, நிப்பான் ஹாமுக்கு போனான். அதுல தோத்த யாகுல்ட் அடுத்த குலுக்கல்ல முராகாமிய எடுத்தாங்க. அந்த முராகாமிதான் 2022ல 56 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சான், ஜப்பான்ல பொறந்த ஒருத்தன் ஒரே சீசன்ல அவ்ளோ அடிச்சதே இல்ல.

இன்னொன்னு, சீட்ட சரியா படிக்கணும். 2015ல யாகுல்ட் மேனேஜர் சீட்டுல இருந்த லோகோவ பாத்துட்டு கெடச்சிடுச்சின்னு கைய தூக்கிட்டாரு, பேட்டி வரைக்கும் குடுத்தாச்சி, அப்புறம் பாத்தா நெசமான சீட்டு ஹன்ஷின் கையில. அந்த பையன் நெலமைய நெனச்சி பாரு.

வ.உ.சி. நகர் வள்ளி:
பாபு அண்ணா, நல்லா சொன்னீங்க, ஆனா முத்து அண்ணா கேட்ட கேள்விக்கு பதில் வரல. பையன்கிட்ட யாராச்சும் கேக்குறாங்களா இல்லையா? 18 வயசு புள்ள, எந்த ஊர்ல இருக்கணும், யார்கிட்ட ஆடணும்னு ஒரு பெட்டி முடிவு பண்றது எனக்கு ஏத்துக்கவே முடியல. நான் கேரம் ஆடினவ, எங்கள மாவட்ட டீம்ல எடுக்கும்போதுகூட ஆடவெச்சி பாத்துதான் எடுத்தாங்க.

தண்டையார்பேட்டை பாபு:
நியாயமான கேள்விம்மா. ஸ்கூல் பையனும் காலேஜ் பையனும் மொதல்ல நான் ப்ரோ ஆவ ஆசைப்படுறேன்னு எழுதி குடுக்கணும், குடுக்கலன்னா யாரும் பேரையே எடுக்க முடியாது. ஆனா இந்த டீம்னு கேக்க முடியாது. பேர் வந்தப்புறம் போவ மாட்டேன்னு சொல்லலாம், அந்த டீமோட உரிமை அடுத்த மார்ச் கடைசி வரைக்குந்தான். நான் சொன்ன கோய்க்கே அப்டிதான், லோட்டேக்கு விழுந்தது, வேணாம்னுட்டு ஒரு கம்பெனி டீம்ல போய் ஆடிட்டு 1992ல கிண்டெட்சுக்கு வந்தாரு. 2011ல சுகானோன்னு பௌலர், அவரோட சொந்த மாமா ஹாரா அப்போ யோமியுரி ஜயன்ட்ஸ் மேனேஜர், அங்கதான் போவணும்னு இருந்தாரு, குலுக்கல்ல நிப்பான் ஹாம் ஜெயிச்சிடுச்சி. ஒரு வருஷம் மேட்சே ஆடாம காத்துனு இருந்து 2012ல ஜயன்ட்ஸுக்கே போனாரு. அதாவது முடியாதுன்னு சொல்ற உரிமை இருக்கு, அதுக்கு குடுக்குற வெல வயசு.

எனக்கு ரொம்ப வலிக்கிறது 1985. பி.எல். ககுயென்னு ஒரே ஸ்கூல்ல ரெண்டு பசங்க, கியோஹாரா, குவாட்டா. கியோஹாராவுக்கு சின்ன வயசுலேர்ந்து ஜயன்ட்ஸ்தான் உசிரு. குவாட்டா காலேஜுக்கு போறேன்னு சொல்லினு இருந்தான். அன்னிக்கு ஜயன்ட்ஸ் குவாட்டா பேர குடுத்தாங்க. கியோஹாராவ 6 டீம் கேட்டு செய்பு எடுத்துச்சி. ரெண்டு வருஷம் கழிச்சி ஃபைனல்ல அதே ஜயன்ட்ஸ ஜெயிக்கப்போற நேரத்துல, ஆட்டம் முடியறதுக்குள்ளயே கிரவுண்ட்ல நின்னு அழுதான்.

வ.உ.சி. நகர் வள்ளி:
படிச்சிட்டு எனக்கும் தொண்ட அடைக்குது. அந்த ரெண்டு பசங்க ஃப்ரெண்ட்ஷிப் இன்னா ஆயிருக்கும். பணம் விஷயத்துலயாச்சும் அவங்களுக்கு நியாயம் இருக்கா?

தண்டையார்பேட்டை பாபு:
கையெழுத்து போட குடுக்குற தொகைக்கு உச்ச வரம்பு இருக்கும்மா, 10 கோடி யென், அதுக்கு மேல நல்லா ஆடினா 5 கோடி, மொத வருஷ சம்பளம் அதிகபட்சம் 1 கோடியே 60 லட்சம் யென். எந்த டீமா இருந்தாலும் இதான். நடுவுல 1993லேர்ந்து கொஞ்ச வருஷம் பெரிய காலேஜ், கம்பெனி பசங்க டீம செலக்ட் பண்ணிக்கலாம்னு விட்டாங்க. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா பின்னாடி ரகசியமா பணம் கை மாறுச்சி, வெளிய வந்து அசிங்கமாயி அத தூக்கிட்டாங்க. 2008லேர்ந்து இப்ப இருக்குற முற. அதனால எனக்கு அந்த பெட்டிதான் மேல்னு தோணுது, அதுக்கு யாரையும் தெரியாது.

பெரம்பூர் பழைய கோலி:
முத்து தம்பி, நான் 31 வருஷம் டிபார்ட்மென்ட் டீம்ல கோல் நின்னவன். பாபு கம்பெனி டீம்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டாரு, உனக்கு வேண்டியது அதுதான். நம்ம ரயில்வே, ஐ.சி.எஃப் மாதிரியே அங்கயும் டொயோட்டா, ஹோண்டா, ஜே.ஆர். ஈஸ்ட்னு கம்பெனிங்க டீம் வெச்சிருக்கு. 1927லேர்ந்து ஊருக்கு ஊர் கம்பெனி டீம் மோதுற போட்டி நடக்குது. ஸ்கூல் முடிச்சி அங்க சேந்தா 3 வருஷம், காலேஜ் முடிச்சி சேந்தா 2 வருஷம் ஆடினாதான் ட்ராஃப்டுல பேர் வரும். நம்ம பசங்களுக்கு அந்த வேலயே முடிவு, அங்க அது நடுவுல ஒரு ஸ்டாப்பிங். அதுக்கும் கீழ 2005லேர்ந்து பயிற்சி ஆளுங்களுக்குன்னு தனி ட்ராஃப்ட் இருக்கு, முதுகுல மூணு டிஜிட் நம்பர், மெயின் டீம் மேட்ச் ஆட முடியாது. செங்கான்னு பௌலர் 2010ல அதுலயும் நாலாவது ரவுண்டுல வந்தவன், இப்ப அமெரிக்கால ஆடுறான். பேர் கடைசில வந்துச்சேன்னு உங்க புள்ள கலங்கக் கூடாது. எங்க காலத்துல ஒரு ட்ரயல்ஸ்ல லிஸ்ட் முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க, நாங்க 40 பேர் வெயில்ல ஓடினது சும்மா. அன்னிக்கு ஒரு பெட்டி இருந்திருந்தா கைய விட்டு பாத்திருப்பேன்.

மூலக்கடை முத்து:
எல்லாருக்கும் நன்றி. கோலி அண்ணா, நீங்க சொன்னத பையனுக்கு படிச்சி காட்னேன். இன்னிக்கு அந்த ஜப்பான்காரர்கிட்ட கியோஹாரான்னு பேர சொன்னேன், மனுஷன் டீ க்ளாஸ கீழ வெச்சிட்டாரு. அவரும் ஒரு கம்பெனி டீம்ல பௌலராம். ட்ராஃப்ட் அன்னிக்கு ஹாஸ்டல்ல டிவி முன்னாடி உக்காந்துனே இருந்தாராம், மூணு வருஷம், பேர் வரல. சொல்லிட்டு என்ன பாத்து, உன் அண்ணன் பையனுக்கு எப்ப ட்ரயல்ஸ்னு கேட்டாரு. ஞாயித்துக்கெழமன்னேன். ராத்திரி சீக்கிரம் தூங்க சொல்லுன்னாரு.